‘இன்னைக்கு என்ன வந்திருக்கு?’ – வனாமி இறாலின் சொந்த ஊரில் ஒரு சாப்பாட்டுச் சுற்று!

மீன் கடைக்குப் போனால் ‘வனாமி’ என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பண்ணைகளில் வளர்ந்து, நம் வீட்டு இறால் தொக்கிலும் பிரியாணியிலும் விழும் அதே வெள்ளை இறால். ஆனால், வங்காள விரிகுடாவுக்கும் அதற்கும் பிறவிச் சொந்தம் எதுவும் கிடையாது. இந்தியப் பண்ணைகளில் அதை வணிகரீதியாக வளர்க்க அனுமதி கிடைத்ததே 2009-ல்தான். அதன் பூர்வீகம், மெக்ஸிகோவிலிருந்து பெரு வரை நீளும் பசிபிக் கடற்கரை.

அந்தக் கடற்கரையில் இறாலுக்கென்றே பேர் போன ஓர் ஊர் உண்டு. பெயர் மசத்லான். மெக்ஸிகோவின் சினலோவா மாநிலத்தில், கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஒரு பக்கம் பளபளக்கும் ஹோட்டல்கள், சொகுசுக் கப்பல்கள், கடலைப் பார்த்த பால்கனிகள். இன்னொரு பக்கம் டீசல் வாசனை வீசும் மீன்பிடித் துறைமுகம், வலை பின்னும் கைகள், ஐஸ் லாரிகள். பல சுற்றுலா ஊர்களில் மீன் எங்கிருந்தோ வரும். இங்கே கண்ணெதிரே வந்து இறங்குகிறது.

அதனாலேயே இந்த ஊரில் சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி முக்கியம். மெனு கார்டைத் திறப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி: ‘இன்னைக்கு என்ன வந்திருக்கு?’ ஸ்பானிஷில், ‘கே ஐ ஃப்ரெஸ்கோ ஓய்?’

சாதாரணக் கேள்விதான். ஆனால், உங்கள் பணமும், ஒரு மீனவக் குடும்பத்தின் வருமானமும், கடலின் அடுத்த வருஷமும் இதில் அடங்கியிருக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

நிமோனியா டாக்ஸியில் ஏறி…

மசத்லானில் இறங்கியதும் கண்ணில் படுவது, கூரை மட்டும் போட்டு நாலு பக்கமும் திறந்த குட்டி டாக்ஸிகள். இவற்றின் பெயர் ‘புல்மோனியா’. ஸ்பானிஷில் நிமோனியா என்று பொருள்! 1965-ல் இந்த வண்டிகள் ஓட ஆரம்பித்தபோது, ‘இதுல போனா காத்து அடிச்சு நிமோனியாதான் வரும்’ என்று மற்ற டாக்ஸிக்காரர்கள் கிண்டல் செய்தார்களாம். கிண்டலே பெயராக நிலைத்துவிட்டது.

அந்த வண்டியில் ஏறி, ‘மலேகோன்’ எனப்படும் கடலோரச் சாலையில் போனால் ஊர் புரிந்துவிடும். வடக்கே ‘சோனா தொராதா’, அதாவது ‘தங்க மண்டலம்’. பெரிய ஹோட்டல்களும் ஆங்கில மெனுவும் உள்ள பகுதி. தெற்கே பழைய நகரம். குறுகிய தெருக்கள், வண்ணம் பூசிய பழைய வீடுகள், இரும்புத் தூண்களுடன் நிற்கும் பினோ சுவாரெஸ் மார்க்கெட். அதையும் தாண்டினால் கலங்கரை விளக்கம் நிற்கும் குன்று, துறைமுகம், இறால் படகுகள்.

வெளிநாட்டவர் மட்டும் வரும் ஊர் அல்ல இது. மலைகளைக் குடைந்து போடப்பட்ட டுராங்கோ – மசத்லான் நெடுஞ்சாலை 2013-ல் திறந்த பிறகு, டுராங்கோவிலிருந்து வரும் பயண நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. வார இறுதி என்றால் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து இறங்குகிறார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: கடல் உணவு.

காலை கடற்கரையில் ஒரு மீன் சந்தை

மலேகோன் ஓரத்தில் ‘பிளாயா நோர்ட்டே’ என்ற மணல்வெளி. விடிவதற்கு முன்பே இங்கிருந்து ‘பங்கா’ எனப்படும் ஃபைபர் படகுகள் கிளம்பிவிடும். காலை வெயில் ஏறும் நேரத்தில் திரும்பி வந்து மணலில் ஏறும். படகு கரை தட்டுவதற்கு முன்பே கூழைக்கடாக்கள் கூடிவிடும். வெட்டும் மேஜையிலிருந்து எறியப்படும் குடலுக்கும் தலைக்கும் அவற்றுக்குள் போட்டியே நடக்கும்.

மேஜையில் கிடக்கும் மீன்களில் சில நமக்கும் தெரிந்த முகங்கள். சிவப்பாக மின்னும் ‘வாச்சினாங்கோ’, நம் சங்கராவின் உறவு. உடம்பில் மஞ்சள் புள்ளிகளோடு நீளமாக இருக்கும் ‘சியர்ரா’, வஞ்சிரத்தின் பங்காளி. ‘லிசா’ என்றால் மடவை. ‘மேரோ’ என்றால் களவா.

ஸ்பானிஷ் மொழியில் ஒரு விசேஷம். நீரில் நீந்தும் மீனுக்குப் பெயர் ‘பெஸ்’. அதுவே பிடிபட்டுச் சமையலுக்கு வந்துவிட்டால் ‘பெஸ்காதோ’, அதாவது ‘பிடிக்கப்பட்டது’. யாரோ ஒருவர் கடலுக்குப் போய்ப் பிடித்து வந்தார் என்பது மீனின் பெயரிலேயே இருக்கிறது.

இங்கே வாங்குகிறவர்கள் இல்லத்தரசிகள் மட்டும் அல்ல, சிறிய உணவகக்காரர்களும்தான். காலையில் இந்த மணலில் என்ன கிடைத்ததோ, அதுதான் மதியம் அவர்கள் கடையின் ஸ்பெஷல். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைக்கும் கடைகளுக்கு இந்த ஊரில் தனி மதிப்பு உண்டு. சாக்பீஸால் எழுதியதைத் தினமும் அழித்து மாற்றலாம். அச்சடித்த மெனுவை மாற்ற முடியாதே!

குடை நிழலில் இறால் ராணிகள்

பழைய நகரத்தில் அகிலெஸ் செர்தான் என்ற தெரு. வரிசையாக வண்ணக் குடைகள். ஒவ்வொரு குடைக்குக் கீழும் பிளாஸ்டிக் தொட்டிகள், ஐஸ், இறால், தராசு. தராசுக்குப் பின்னால் பெரும்பாலும் பெண்கள். இவர்களை ஊரார் ‘சாங்கேராஸ்’ என்று அழைக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக இந்தத் தெருவின் இறால் வியாபாரம் பெண்கள் கையில்தான். அம்மா உட்கார்ந்த இடத்தில் மகள் என்று தொடரும் வியாபாரம் இது.

தலையோடு, தலை இல்லாமல், தோலுரித்தது, சின்னது, நடுத்தரம், கைநீள ‘ஜம்போ’ என்று தொட்டிக்குத் தொட்டி ரகம் மாறும். விலை கிலோ கணக்கு. உப்பிட்டு உலர்த்திய இறாலும் இருக்கும். நம் ஊர் இறால் கருவாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதை எடுத்துப் போனால், கட்டணம் வாங்கிக்கொண்டு சமைத்துத் தரும் சிறிய கடைகளும் அருகிலேயே உண்டு.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ‘கடல் இறாலா, பண்ணை இறாலா?’ மெக்ஸிகோவில் இன்று கடலில் பிடிப்பதைவிடப் பண்ணையில் வளரும் இறால்தான் அதிகம். சினலோவா அதில் முன்னணி மாநிலம். பண்ணையில் வளர்வது பெரும்பாலும் நம் வனாமியேதான். கடலிலிருந்து நீல இறால், பழுப்பு இறால் என்று வேறு வகைகளும் வருகின்றன. பண்ணை இறால் தப்பில்லை. ஆனால், கடல் இறாலின் விலையைக் கொடுத்துப் பண்ணை இறாலை வாங்கினால் அது நஷ்டம். கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காதவருக்குத் தானாகச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

தட்டில் என்னென்ன?

அகுவாச்சிலே: ‘மிளகாய்த் தண்ணீர்’ என்பது நேர்ப்பொருள். சினலோவாவின் அடையாளமே இந்தத் தட்டுதான். பச்சை இறாலை முதுகில் கீறி விரித்து, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் உப்பும் அரைத்த நீரை ஊற்றி, வெள்ளரிக்காய், வெங்காயத்தோடு உடனே பரிமாறுவார்கள். அடுப்பே கிடையாது. இதில் பாரம்பரியமாகச் சேர்ப்பது ‘சில்தெபின்’ என்ற காட்டு மிளகாய். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. காரமோ காதில் புகை வரவைக்கும். மலைக் காடுகளில் பறவைகள் விதை பரப்பி, தானாக வளரும் செடி இது. நாம் இன்று சாம்பாரில் போடும் மிளகாய்க்கே முன்னோடி இந்தக் காட்டு இனம் என்கிறார்கள் தாவரவியலாளர்கள். மிளகாய் நம் நாட்டுக்கு வந்ததும் இந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்துதானே!

சினலோவா செவிச்சே: வஞ்சிரத்தின் உறவான சியர்ரா மீனைப் பொடியாகக் கொத்தி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, துருவிய கேரட், வெங்காயம், கொத்தமல்லி சேர்த்துப் பிசைவார்கள். மொறுமொறுப்பான மக்காச்சோள அப்பளம் போன்ற ‘டோஸ்டாடா’வின் மேல் குவித்துத் தருவார்கள். விலையும் குறைவு, வயிறும் நிறையும். உள்ளூர்க்காரர்கள் கை தள்ளுவண்டிப் பக்கம் நீள்வது பெரும்பாலும் இதற்காகத்தான்.

பெஸ்காதோ சரந்தியாதோ: முழு மீனை முதுகு வழியே புத்தகம்போல விரித்து, மிளகாய் விழுது தடவி, கம்பி வலைக்குள் பூட்டிக் கரி நெருப்பில் வாட்டுவது. பக்கத்து மாநிலமான நயாரித்தில் உள்ள மெக்ஸ்கல்தித்தான் என்ற குட்டித் தீவைத்தான் இதன் பிறப்பிடமாகச் சொல்கிறார்கள். முன்பு அலையாத்தி மரக் கட்டைகளில் வாட்டினார்கள். மீனைக் கிலோ கணக்கில் நிறுத்து விலை போடுவார்கள். ஒரு மீன், சுற்றிலும் நாலு பேர், நடுவே சூடான ரொட்டி. ஆளுக்கொரு பக்கம் பிய்த்துச் சாப்பிடுவதுதான் முறை.

டாக்கோ கோபர்நதோர்: ‘கவர்னர் டாக்கோ’. இறால், மிளகாய், உருகும் சீஸ் வைத்து மடித்துச் சுட்ட ரொட்டி. 1987 முதல் 1992 வரை சினலோவா கவர்னராக இருந்த ஃபிரான்சிஸ்கோ லபஸ்தீதா, வீட்டில் மனைவி செய்யும் இறால் டாக்கோ தனக்குப் பிடிக்கும் என்று சொன்னாராம். அதைக் காதில் வாங்கிய மசத்லான் ‘லாஸ் ஆர்கோஸ்’ உணவகத்தார், அவர் வரும் நாளுக்கு ஒரு புது டாக்கோவைத் தயார் செய்து அவர் பதவியையே பெயராக வைத்தார்கள் என்று கதை சொல்கிறார்கள். இன்று மெக்ஸிகோ முழுக்க அந்த டாக்கோ கிடைக்கிறது.

குடிப்பதற்கு? பார்லியில் செய்த குளிர்ந்த ‘செபாடா’ கேளுங்கள். குழந்தைகளுக்கு, சினலோவாவிலேயே பிறந்த வெனிலா சோடா ‘டோனிகோல்’.

ஆறு மாதம் வலைக்கு விடுமுறை

இப்போது கேள்விக்கு வருவோம். ‘இன்னைக்கு என்ன வந்திருக்கு?’ என்று ஜூன் மாதத்தில் கேட்டால், ‘கடல் இறால்’ என்ற பதில் வரக் கூடாது. வந்தால் யோசிக்க வேண்டும்.

காரணம், ‘வேடா’. மீன்பிடித் தடைக்காலம். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை அல்லவா? மெக்ஸிகோவின் பசிபிக் கடலில் தடை இறாலுக்கென்று தனியாக வருகிறது. வழக்கமாக மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் வரை நீளும். ஆய்வாளர்கள் இறாலின் வளர்ச்சியைப் பார்த்துச் சொல்ல, ஒவ்வோர் ஆண்டும் தேதியை அரசு அறிவிக்கிறது. அந்த முடிவை எடுக்கும் தேசிய மீன்வளத் துறையான ‘கொனபெஸ்கா’வின் தலைமையகம் தலைநகர் மெக்ஸிகோ சிட்டியில் இல்லை, இதே மசத்லானில்தான் இருக்கிறது.

எதற்கு இவ்வளவு நீண்ட தடை? இறால் முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சுகள் கரையோரக் கழிமுகங்களுக்கும் காயல்களுக்கும் வந்து வளரும். ஓரளவு பெரிதானதும் மீண்டும் கடலுக்குத் திரும்பும். இந்தச் சுற்று முடியும் முன்பே வலை போட்டால், அடுத்த வருஷம் வலையில் வெறும் தண்ணீர்தான்.

தடை முடிந்து படகுகள் கிளம்பும் நாள் ஊருக்கே ஒரு திருநாள் மாதிரி. டீசல், ஐஸ், அரிசி, பீன்ஸ் என்று ஏற்றிக்கொண்டு படகுகள் வரிசையாகத் துறைமுகத்தைத் தாண்டும். சீசனின் முதல் சில வாரங்களில்தான் பிடிப்பு அதிகம், போகப்போகக் குறைந்துவிடும். படகில் போகிறவர்களின் வருமானமும் பிடிப்பைப் பொறுத்ததே. ஆகவே, அந்த முதல் வாரங்களின் வருமானத்தில்தான் பள்ளிக் கட்டணம், கடன், வீட்டுச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். தடைக்கால மாதங்களில் பலர் வேறு வேலை தேடிப் போகிறார்கள்.

அப்படியானால் ஜூன் மாதம் மசத்லான் போனால் இறால் கிடைக்காதா? தாராளமாகக் கிடைக்கும். பண்ணை இறாலை விற்கலாம். தடைக்கு முன்பே பிடித்து, உறையவைத்து, அரசுக்குக் கணக்குக் காட்டிய சரக்கையும் விற்கலாம். இரண்டும் சட்டப்படி சரி. சிக்கல் மூன்றாவது வகையில். ‘இப்பதான் கடல்ல இருந்து வந்தது’ என்று சொல்லி விற்கப்படுவது. அந்தப் பேச்சு பொய்யாக இருந்தால், ஏமாறுவது வாடிக்கையாளர். உண்மையாக இருந்தால், ஏமாறுவது கரையில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கும் நேர்மையான மீனவர்.

இறால் இல்லாத மாதங்களில் மசத்லானில் சாப்பிட எதுவும் இல்லை என்று அர்த்தமல்ல. சங்கரா வகையும் மடவையும் சிப்பியும் இருக்கின்றன. எது தடையில் இல்லையோ, எது இன்று மணலில் இறங்கியதோ அதைக் கேட்டு வாங்கினால் போதும். கரையோர மீனவர்களின் அடுப்பும் எரியும்.

பெயர் மாறும் மீன்

இறாலிலாவது கண்ணால் பார்த்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மீன் துண்டில்?

‘ஓசியானா’ என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு, மெக்ஸிகோவில் மீன் கடைகள், சூப்பர் மார்க்கெட்டுகள், உணவகங்களில் மாதிரிகளை எடுத்து மரபணுச் சோதனை செய்து 2019-ல் முடிவை வெளியிட்டது. எடுத்துக்கொண்ட மூன்று நகரங்கள்: மெக்ஸிகோ சிட்டி, கான்கூன், மசத்லான். சராசரியாகப் பத்தில் மூன்று மாதிரிகள், சொன்ன பெயரும் இருந்த மீனும் வேறு வேறு! துறைமுக ஊரான மசத்லானும் இதற்கு விதிவிலக்காக இல்லை என்பதுதான் பலரை அதிரவைத்தது.

அந்தச் சோதனைக்கு அவர்கள் வைத்த பெயர், ‘முயலுக்குப் பதில் பூனை’. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தலையில் கட்டுவதற்கு ஸ்பானிஷில் சொல்லும் பழமொழி.

இதில் அதிகம் மாட்டியது மார்லின். மசத்லானில் புகையூட்டிய மார்லின் டாக்கோ மிகப் பிரபலம். ஆனால், மார்லின் என்று விற்ற மாதிரிகளில் பெரும்பாலானவை வேறு மீன். இதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. மார்லின், மயில்மீன், டொராடோ போன்ற சில மீன்களை, கரையிலிருந்து 50 கடல் மைல் வரை, தூண்டில் போட்டு விளையாட்டாக மீன் பிடிப்பவர்களுக்கு மட்டுமே என்று மெக்ஸிகோ சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அங்கே வலை போட்டு அவற்றைப் பிடித்து விற்கக் கூடாது. சரக்கு குறைவு, கேட்பவரோ அதிகம். அந்த இடைவெளியில்தான் சூரை மீன் ‘மார்லின்’ ஆகிறது.

புகையூட்டினால் நிறம் மாறிவிடும். தோலுரித்துத் துண்டாக்கினால் அடையாளம் போய்விடும். மாவில் தோய்த்துப் பொரித்துவிட்டால், உள்ளே இருப்பது கடலில் பிடித்த சங்கராவா, இறக்குமதி ஆன பாசாவா என்று அனுபவசாலிக்கே குழப்பம் வரும். உணவகக்காரர் எப்போதும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்றும் சொல்ல முடியாது. கடலுக்கும் தட்டுக்கும் நடுவே எத்தனையோ கைகள். எந்தக் கையில் பெயர் மாறியது என்று அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

இதற்கு ஒரு வாடிக்கையாளர் என்ன செய்ய முடியும்? முழு மீனைக் கேட்கலாம். சரந்தியாதோவின் பெருமையே இதுதான். தலை, கண், செதில், வால் எல்லாவற்றோடும் மீன் மேஜைக்கு வருகிறது. அடுப்பில் வைப்பதற்கு முன் மீனைக் காட்டச் சொன்னால், நல்ல கடைகளில் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். முகம் காட்டும் மீன் பெயரை மாற்றிச் சொல்லாது!

வலையில் சிக்கிய ஆமை

இறாலுக்கு இன்னொரு விலையும் உண்டு. கடலடியை அரித்துக்கொண்டு போகும் இழுவலையில் இறால் மட்டும் சிக்குவதில்லை. சின்ன மீன், நண்டு, நட்சத்திர மீன் என்று இறாலின் எடையைவிடப் பல மடங்கு மற்ற உயிர்களும் ஏறிவிடும். சில நேரம் கடல் ஆமைகளும். சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் அதே ஆலிவ் ரிட்லி ஆமைதான் மசத்லான் மணலுக்கும் வருகிறது.

ஆமை தப்பிக்க வலையில் ஒரு கம்பித் தடுப்பும் திறப்பும் வைக்க வேண்டும் என்பது விதி. இந்த விதி சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று சொல்லி, 2021-ல் மெக்ஸிகோவின் கடல் இறாலுக்குத் தந்திருந்த அங்கீகாரத்தை அமெரிக்கா சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. மிகப் பெரிய சந்தையே கதவை மூடியதில் துறைமுகங்கள் ஆடிப்போயின. குறைகளைச் சரிசெய்த பிறகு அதே ஆண்டில் கதவு திறந்தது. ஒரு கம்பித் தடுப்பில் காட்டும் அலட்சியம், ஓர் ஊரின் பிழைப்பையே உலுக்கும் என்பதற்கு இது உதாரணம்.

பிழைப்புக்கு வேறு அடியும் விழுந்தது. 2024 செப்டம்பரில் சினலோவாவில் போதைக் கும்பல்களுக்குள் மோதல் வெடித்த பிறகு, பயணிகள் வரத் தயங்கினார்கள். அதன் சூடு முதலில் பட்டது உணவக மேஜைகளில்தான். இந்த மாநிலத்துக்குப் போக நினைப்பவர்கள் அரசின் பயண எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு முடிவெடுப்பது அவசியம்.

சாப்பிட உட்காரும் முன்…

* மதியமே சரி: மரிஸ்கேரியா எனப்படும் கடல் உணவுக் கடைகள் பகல் நேரக் கடைகள். பல கடைகள் மாலையிலேயே மூடிவிடும். காலையில் வந்த மீனை மதியத்துக்குள் தீர்த்துவிடுவதுதான் பழைய வழக்கம். மெக்ஸிகோவில் பெரிய சாப்பாடே மதியம் 2 மணிக்குப் பிறகுதான்.

* எலுமிச்சை அடுப்பு ஆகாது: எலுமிச்சைச் சாறு பட்டால் இறாலின் நிறம் வெந்தது போல மாறும். ஆனால், கிருமிகள் எல்லாம் செத்துவிடாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அகுவாச்சிலே, பச்சைச் சிப்பி, செவிச்சே ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு இறால் சூப், வாட்டிய மீன் இருக்கின்றன.

* எடை கேளுங்கள்: முழு மீன் ஆர்டர் செய்யும்போது ஒரு கிலோ என்ன விலை, இந்த மீன் எத்தனை கிலோ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

* பாட்டுக்கும் விலை உண்டு: டிரம்பெட், ட்யூபா, பெரிய மேளம் என்று ‘பாண்டா’ இசைக் குழுக்கள் மேஜை அருகே வரும். ஒரு பாட்டுக்கு எவ்வளவு என்று பேசிவிட்டுத் தலையாட்டுங்கள்.

* பில் தானாக வராது: சாப்பிட்டு முடித்ததும் பில்லை நீட்டுவது அங்கே மரியாதைக் குறைவு. ‘லா குவென்தா, போர் ஃபவோர்’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். டிப்ஸ் 10 முதல் 15 சதவிகிதம்.

* ‘இல்லை’ என்று சொல்லும் கடையை நம்புங்கள்: ‘இன்னைக்கு அது வரலைங்க, இது நல்லா இருக்கு’ என்று சொல்லும் கடைக்காரர், கடலைப் பார்த்துச் சமைக்கிறார் என்று அர்த்தம்.

கடைசியாகச் சொன்னதுதான் இந்த ஊர் கற்றுத்தரும் பாடம். காசு கொடுத்தால் எதுவும், எப்போதும் தட்டில் வர வேண்டும் என்ற நினைப்பு வாடிக்கையாளரிடம் இருக்கும்வரை, பெயர் மாற்றிய மீனும் தடைக்கால இறாலும் எங்கிருந்தாவது வந்துகொண்டேதான் இருக்கும்.

இதற்கு மசத்லான் வரை போக வேண்டும் என்பதும் இல்லை. அடுத்த முறை உங்கள் தெரு மீன்காரம்மா கூடையை இறக்கும்போது, ‘வஞ்சிரம் இருக்கா?’ என்று கேட்பதற்குப் பதில், ‘இன்னைக்கு என்னம்மா வந்திருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் முதலில் எடுத்துக் காட்டும் மீன்தான் அன்றைக்கு உங்கள் வீட்டு ஸ்பெஷல்!